தைலம் வாங்கியது ஒரு முறை, பணம் போனது பதினொரு முறை

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. அப்பா காலமான பிறகு கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். குடும்ப ஓய்வூதியம் வருகிறது. சென்ற ஆண்டு ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்து மூட்டுவலித் தைலம் ஒன்றை 249 ரூபாய்க்கு வாங்கினார். போன வாரம் பாஸ்புக்கைப் பதிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்தத் தைலக்காரர்கள் மாதந்தோறும் 5ஆம் தேதி 699 ரூபாய் வீதம் பதினொரு முறை எடுத்திருக்கிறார்கள். ஸ்தோத்திரம் கேட்கும் செயலி ஒன்று, முதலில் 1 ரூபாய் என்று சொல்லிவிட்டு, மாதம் 199 வீதம் ஒன்பது மாதம் எடுத்திருக்கிறது. டெபிட் கார்டிலிருந்து ஏதோ வெளிநாட்டுப் பெயரில் 899 ரூபாய் இரண்டு முறை போயிருக்கிறது; முதல் முறை நான்கு மாதத்துக்கு முன், இரண்டாவது முறை போன வெள்ளிக்கிழமை. மொத்தம் 11,278 ரூபாய். 'நான் எதற்கும் சம்மதிக்கவில்லை' என்று அம்மா அழுகிறார். வங்கியில் கேட்டால் 'உங்கள் அம்மாதான் பின் எண் போட்டிருக்கிறார், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார்கள். ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு பழைய பட்டன் ஃபோனைக் கொடுத்துவிடலாம் என்கிறான் தம்பி. தானாகப் பணம் போகும் எல்லா ஏற்பாட்டையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமா? போன பணம் திரும்ப வருமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மின்னஞ்சல் திங்கட்கிழமை இரவு வந்தது. அன்றே, 'கார்டை உடனே முடக்குங்கள். வெள்ளிக்கிழமை போன 899 ரூபாய் பற்றிப் புதன்கிழமை வங்கி மூடுவதற்குள் எழுத்துமூலம் புகார் போய்ச் சேரட்டும்' என்று இரண்டு வரி அனுப்பினேன். அப்படியென்ன அவசரம் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன். இதே கதையோடு என்னிடம் வருகிறவர்கள் பலர். சிலருக்குத் தைலத்துக்குப் பதில் சர்க்கரை நோய்ப் பொடி இருக்கும். மற்றபடி கதை ஒன்றுதான்.

நான் இருபத்தாறு ஆண்டுகள் வங்கிக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவன். கறுப்புக் கோட்டு அதற்குப் பிறகு வந்தது. 'நீங்கள்தானே பின் எண் போட்டீர்கள்' என்ற வாக்கியத்தை நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. 'நான் சம்மதிக்கவில்லை' என்று உங்கள் தாயார் சொல்வதும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும்படி அந்தத் திரையை ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு வடிவமைத்திருக்கிறார்.

நடந்தது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தைலத்தின் படத்துக்குக் கீழே 'வாங்கு' என்று பெரிய பச்சைப் பொத்தான். அதன் காலடியில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில், ஏதோ நலத் திட்டத்தில் சேர்கிறேன் என்று ஒரு வரி. அந்த வரிக்கு முன்னால் உள்ள கட்டத்தில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் யுபிஐ செயலி திறக்கிறது. காய்கறிக் கடையில் பணம் கொடுக்கும்போது வருகிற திரையைப் போலவேதான் இருக்கிறது. ஆனால் இது பணம் கொடுக்கும் திரை மட்டுமல்ல. இனிமேல் இவர்கள் கேட்கும்போதெல்லாம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நிலையான அனுமதி எழுதிக் கொடுக்கும் திரை. ஆட்டோபே என்று பெயர். 2020 ஜூலையில் வந்தது. ஒருமுறை பின் எண் போட்டுவிட்டால், 15,000 ரூபாய் வரையிலான பிடித்தங்களுக்கு மறுபடி பின் எண் கேட்காது. மின்கட்டணத்துக்கும் தவணைக்கும் அருமையான வசதி. அந்தத் திரையில் அதிகபட்சத் தொகை எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதிவரை என்று மூன்று விவரங்கள் இருக்கும். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. எண்ணெய்க்கு விலை விசாரிக்க வந்தவரிடம் கடன் பத்திரத்தில் கைநாட்டு வாங்கி அனுப்பிய கதை.

ஒவ்வொரு பிடித்தத்துக்கும் 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. அனுப்பியிருப்பார்கள். ஆங்கிலத்தில், பட்டுச்சேலைத் தள்ளுபடிக்கும் 'உங்களுக்குக் கடன் தயார்' என்பதற்கும் நடுவில் அது கிடந்திருக்கும். அந்த ஃபோனை எடுத்துப் பழைய குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். எதையும் அழிக்க வேண்டாம். பதினொன்றும் இருந்தால் அது தேதிவாரியான சான்று. இல்லையென்றால் இன்னும் நல்லது. தகவல் தராமல் எடுத்தார்கள் என்பதே தனிக் குற்றச்சாட்டாகிவிடும்.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் மூன்று பிடித்தங்களையும் ஒரே தாளில் எழுதி ஒரே கவுண்டரில் நீட்டியிருக்கிறீர்கள். வங்கி ஊழியர் யுபிஐ பிடித்தங்களைப் பார்த்தார், பின் எண் பதிவாகியிருந்தது, தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கூடவே கார்டு விவகாரமும் திரும்பி வந்துவிட்டது. சட்டத்தின் கண்ணில் இவை ஒரே ரகமல்ல. அம்மாவின் கை படாமலே போன பணத்துக்கு வங்கி பதில் சொல்ல வேண்டும். அம்மாவின் கையை ஏமாற்றிப் பிடித்து எழுத வைத்த பணத்துக்கு விற்றவன் பதில் சொல்ல வேண்டும். முதல் வகைக்கு ரிசர்வ் வங்கியின் விதி, இரண்டாவதற்கு நுகர்வோர் சட்டம். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும்.

899 ரூபாய் முதல் வகை. வெளிநாட்டு வணிகர்கள் பலர் ஓடிபி கேட்காமலே நம் கார்டில் பணம் எடுக்க முடியும். கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பின்பக்க மூன்று இலக்கமும் போதும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ ஓட்டை விழுந்து பணம் போனால், வங்கியிலிருந்து தகவல் வந்த நாளை விட்டுவிட்டு எண்ணி மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா இழப்பில்லை. உங்களுக்கு வெள்ளிக்கிழமை தகவல் வந்தது. அந்தச் சனிக்கிழமை வங்கி விடுமுறை. திங்கள், செவ்வாய், புதன். அந்தப் புதனுக்காகத்தான் அவசரம்.

நான்காம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்கில் இழப்பு 10,000 ரூபாய்க்கு மேல் போகாது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு சொல் ஒளிந்திருக்கிறது: பரிவர்த்தனைத் தொகை அல்லது 10,000, இரண்டில் எது குறைவோ அது. 899 ரூபாய் போனவருக்கு இழப்பின் உச்சவரம்பே 899 ரூபாய்தான். அதாவது சிறு தொகைக்காரர்களுக்கு மூன்று நாள் தாண்டினால் அந்தச் சலுகை வெறும் காகிதம். சந்தாக் கொள்ளை சிறுசிறு தொகையாகவே நடக்கிறது என்பதை நினைத்தால் இந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்று புரியும். பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. அதையும் கடிதத்தில் கேட்கலாம்.

நேரத்துக்குள் புகார் போயிருந்தால், பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும். தொண்ணூறு நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். கவனக்குறைவு உங்கள் தாயாருடையது என்று வங்கி சொன்னால் அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. 'அம்மா எங்கேயாவது கார்டு எண்ணைக் கொடுத்திருப்பார்' என்ற ஊகம் போதாது. மாதாமாதம் எடுக்கும் சந்தா என்று சொன்னார்கள் என்றால், 'அப்படியானால் அதற்கான பதிவைக் காட்டுங்கள். பதிவின்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு நடந்த சான்றைக் காட்டுங்கள்' என்று கேளுங்கள். கார்டிலிருந்து தொடர்ச்சியாக எடுக்கும் பணத்துக்கான அந்த விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டு வணிகருக்கும் பொருந்தும். நான்கு மாதத்துக்கு முன் போன முதல் 899 ரூபாய்க்கு, வணிகரின் வங்கியிடமிருந்தே திரும்பக் கேட்கும் 'சார்ஜ்பேக்' வழி உண்டு. விசா, மாஸ்டர்கார்டு போன்ற பன்னாட்டு வலையமைப்புக் கார்டுகளுக்குப் பொதுவாக 120 நாள் கெடு. உங்களுடையது விளிம்பில் நிற்கிறது. விண்ணப்பத்தை உடனே போடுங்கள்.

புதுக் கார்டு வரும்போது அதில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியிருக்கும். 2020 மார்ச்சுக்குப் பிறகு தரும் எல்லாக் கார்டும் அப்படித்தான் வர வேண்டும். யாராவது உதவி செய்கிறேன் என்று அதைத் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கும்பகோணத்தில் இருப்பவருக்கு வெளிநாட்டுப் பயன்பாடு எதற்கு?

வங்கியில் இன்னொன்று. மகளாக இருந்தாலும் வங்கிக்கு நீங்கள் மூன்றாம் மனிதர். புகாரில் அம்மாவின் கையெழுத்து வேண்டும். உங்களோடு பேச அனுமதிக்கும் ஒரு கடிதமும் வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து அடிப்படைச் சேவைகளைச் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லிவிட்டது. முழங்கால் வலியோடு மாடிப்படி ஏற வேண்டாம்; கேட்டுப் பெறுங்கள். புகாருக்கு எண் வாங்காமல் திரும்ப வேண்டாம். முப்பது நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம்.

இப்போது தைலம். இங்கேதான் உங்கள் பணத்தில் பெரும்பகுதி, 7,689 ரூபாய், சிக்கியிருக்கிறது.

முதல் வேலை அனுமதியை ரத்து செய்வது. எந்த யுபிஐ செயலியில் அம்மா பின் எண் போட்டாரோ அதைத் திறந்து, ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால் நடப்பிலுள்ள அனுமதிகள் வரிசையாகத் தெரியும். ரத்து செய்வதற்கு முன் ஒவ்வொன்றின் விவரத் திரையையும் படமெடுத்து வையுங்கள். அதிகபட்சத் தொகை என்ற இடத்தைக் கவனியுங்கள்: இப்போது எடுப்பது 699ஆக இருக்கலாம், அனுமதி வாங்கியிருப்பது அதைவிடப் பெரிய தொகைக்காக இருக்கலாம். சில செயலிகளில் 'தற்காலிக நிறுத்தம்' என்ற பொத்தான் கண்ணில் படும்படி இருக்கும். அது வேண்டாம், 'ரத்து' என்பதே வேண்டும். தைலக்காரர்களின் செயலியை ஃபோனிலிருந்து அழித்தால் எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அனுமதி வங்கியில் இருக்கிறது, ஃபோனில் இல்லை. கணக்கில் பணம் இல்லாமல் வைத்துவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். சில வகைத் தவணைகள் திரும்பினால் வங்கியே அபராதம் போட்டு, அதற்கு ஜிஎஸ்டியும் சேர்த்து எடுக்கும். திருடனுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை ஆகிவிடும்.

ஆகவே 'எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தி எழுதிக் கொடுக்கலாமா' என்ற கேள்விக்குப் பதில்: கூடவே கூடாது. பாஸ்புக்கில் ஏசிஹெச் என்று தொடங்கும் வரி, அதாவது வங்கி வழியாகத் தானாகக் கழியும் தவணை, ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அப்பா இருந்தபோது எடுத்து வைத்த மருத்துவக் காப்பீட்டின் பிரீமியமாக அது இருக்கலாம். அதை நிறுத்தி, கருணைக் காலமும் கடந்து பாலிசி காலாவதியானால், 71 வயதில் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். 699 ரூபாய்த் திருட்டைத் தடுக்கப் போய் அதைப் போல பல மடங்கை இழப்பது இப்படித்தான் நடக்கிறது. ஒரு மதியம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டுக் குறியுங்கள். உங்கள் சொந்தக் கணக்கிலும் மே மாதக் கடைசியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் போயிருந்தால் பதற வேண்டாம். அவை அரசின் விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீடும்.

அடுத்தது ஆதாரம். தைலம் வந்த அட்டைப்பெட்டி இருக்கிறதா? நம் அம்மாக்கள் அட்டைப்பெட்டியை எறிய மாட்டார்கள். மிளகாய் வற்றலோ பழைய மருந்துச் சீட்டோ போட்டு வைத்திருப்பார்கள். அதன்மேல் ஒட்டிய சீட்டில் விற்றவரின் முகவரி இருக்கும், உள்ளே பில் இருந்தால் ஜிஎஸ்டி எண்ணும் இருக்கும். பிறகு அதே விளம்பரத்துக்குள் உங்கள் ஃபோனில் நீங்களே சென்று, வாங்குவதுபோல ஒவ்வொரு திரையாகப் படமெடுங்கள். பின் எண் கேட்கும் இடத்தோடு நின்றுவிடுங்கள். டிக் போட்ட கட்டம் இன்னும் அப்படியே இருந்தால் பாதி வழக்கு முடிந்தது. புகார் எழுதிய மறுநாள் அந்தப் பக்கம் உத்தமமாக மாறிவிடும் என்பதால் படம் முதலில், புகார் பிறகு.

ஏனென்றால் சட்டம் இந்த இடத்தில் தெளிவாக இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, வாங்குபவரின் சம்மதம் அவரே வெளிப்படையாகச் செய்யும் செயலால் கிடைக்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் சம்மதமாகாது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பதின்மூன்று வகைத் திரைத் தந்திரங்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. கேட்காத சரக்கைக் கூடையில் நுழைப்பது அதில் ஒன்று. உள்ளே நுழைய ஒரு பொத்தானும் வெளியே வரப் பத்து வாசலும் வைக்கும் சந்தாப் பொறி இன்னொன்று. 'உங்கள் அம்மா பின் எண் போட்டார்' என்பது வங்கிக்குப் பதிலாகலாம். தைலக்காரருக்கு அது பதிலே இல்லை.

அவர்களுடைய குறைதீர்ப்பு அலுவலருக்கு அம்மாவின் பெயரில் தமிழிலேயே இப்படி எழுதுங்கள்:

'இந்தத் தேதியில் உங்களிடம் 249 ரூபாய்க்குத் தைலம் ஒன்று வாங்கினேன். அதைத் தவிர வேறு எந்தத் திட்டத்திலும் சேர நான் கேட்கவில்லை. உங்கள் பக்கத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருந்த கட்டத்தை என் சம்மதமாக எடுத்துக்கொண்டு, கீழ்க்கண்ட பதினொரு தேதிகளில் 7,689 ரூபாய் எடுத்திருக்கிறீர்கள். இந்தத் திட்டத்தின் பெயரில் எனக்கு எந்தப் பொருளும் சேவையும் வரவில்லை. அனுமதியை ரத்து செய்துவிட்டேன். பதினைந்து நாட்களுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். தவறினால் நுகர்வோர் ஆணையத்தில் அசலோடு இழப்பீடும் கேட்பேன்.'

பொருள் ஏதாவது வந்திருந்தால் அந்த வரியை மாற்றிக்கொள்ளுங்கள். பொய் ஒன்று கலந்தாலும் மிச்சம் வீணாகிவிடும். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவும் ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் அதே 2020 விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியுங்கள், தமிழில் பேசலாம். என் அனுபவத்தில் இந்த நிலையிலேயே நிறையப் பணம் திரும்பிவிடுகிறது. அவர்களுக்கு மனசாட்சி முளைத்ததால் அல்ல. ஒருவருக்குத் திருப்பிக் கொடுப்பது, எல்லோரிடமும் எப்படி எடுத்தோம் என்று விளக்குவதைவிட மலிவு.

திரும்பவில்லையென்றால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் டெல்லியில் இருக்கட்டும், எங்கேயும் இருக்கட்டும். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை என்பதையும் என் தொழிலுக்குத் துரோகமாகச் சொல்லி வைக்கிறேன். அந்த விளம்பரத்தையே நிறுத்த வேண்டும் என்று நினைத்தால், அதற்கான மனுவை மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கலாம்; திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் பட்டா கேட்டு வருபவர்களின் வரிசையில் தைலத்துக்காக ஒருவர் நிற்பதைப் பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஸ்தோத்திரச் செயலி பற்றிக் கொஞ்சம் கசப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. '1 ரூபாய், பிறகு மாதம் 199' என்பதை அவர்கள் எங்கோ எழுதித்தான் வைத்திருப்பார்கள். ஒன்பது மாதப் பணமும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடைசி ஒன்றிரண்டு மாதத்துக்குக் கேட்டுப் பாருங்கள். அதைவிட முக்கியம், அம்மா அதைத் தினமும் காலையில் கேட்கிறாரா என்று விசாரியுங்கள். கேட்கிறார் என்றால், தெரிந்தே கொடுக்கட்டும். அவருடைய ஓய்வூதியம், அவருடைய சாமி.

இனி உங்கள் தம்பியின் யோசனை. அவருக்குக் கோபம் நியாயம். ஆனால் கோபம் தவறான ஆள் மீது விழுகிறது. 2025 செப்டம்பரில், அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில் அமேசான் நிறுவனம் 250 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கு. பிரைம் சந்தாவில் மக்களை அறியாமல் சேர்த்துவிட்டு வெளியேறும் வழியைச் சுற்றுப்பாதை ஆக்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்த ரத்து வழிக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த செல்லப் பெயர், மிக நீண்ட பழைய கிரேக்கப் போர்க்காவியம் ஒன்றின் பெயர் என்று ஆணையத்தின் மனுவிலேயே இருக்கிறது. அங்கே மாட்டிக்கொண்டவர்கள் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள், கணினியோடு வளர்ந்தவர்கள், கோடிக்கணக்கில். கும்பகோணத்தில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்த ஒருவரை மட்டும் 'உனக்கு ஃபோன் லாயக்கில்லை' என்று சொல்வது என்ன நியாயம்?

எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் சித்தியின் பழைய ஃபோனில் கைப்பேசி நிறுவனம் ஒன்று மாதம் 30 ரூபாய் எடுத்துக்கொண்டே இருந்தது. எத்தனை வருடம் என்று கணக்கில்லை. அழைக்கும் எங்களுக்கெல்லாம் அருமையாக ஒரு முருகன் பாட்டு கேட்கும். சித்தி ஆசையாக வைத்திருக்கிறார் என்று நாங்கள் நினைத்தோம். அழைப்பவருக்குக் கேட்கும் பாட்டு, வைத்திருப்பவருக்குக் கேட்காது அல்லவா? காசு கொடுத்த சித்திக்கு அப்படியொரு பாட்டு இருப்பதே தெரியாது. வங்கியில் அதிகாரியாக இருந்த எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்படி ஃபோன் இருப்பில் கைவைக்கும் சேவைகளை நிறுத்த 155223 என்ற எண் இருக்கிறது. அம்மாவின் ஃபோனில் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சொல்ல வந்தது வேறு: விஷயம் தெரிந்தபின் சித்தி கேட்ட முதல் கேள்வி, 'இதை உன் சித்தப்பாவிடம் சொல்லிவிடாதே, சரியா?' என்பது. திட்டு விழும் வீட்டில் பணம் போனது வெளியே வராது. பதினொரு மாதம் பாஸ்புக் பதியாமல் இருந்ததற்கு உங்கள் தாயாரிடம் காரணம் கேட்காதீர்கள். அவருக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கலாம்.

ஃபோனைப் பிடுங்குவதற்குப் பதில் கணக்கைப் பிரியுங்கள். ஓய்வூதியம் வரும் கணக்கிலிருந்து யுபிஐ இணைப்பை எடுத்துவிட்டு, இன்னொரு சிறு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி, மாதச் செலவுக்கான தொகையை மட்டும் அதில் போட்டு, அதை யுபிஐயோடு இணையுங்கள். பொறியில் மாட்டினாலும் அந்தச் சிறு கணக்கோடு போகும். யுபிஐ சர்க்கிள் என்றும் ஒன்று 2024இல் வந்திருக்கிறது. அம்மா பணம் செலுத்தும்போது உங்கள் ஃபோனுக்கு அனுமதி கேட்டு வரும், அல்லது நீங்கள் வைத்த மாத வரம்புக்குள் அவரே செலுத்திக்கொள்வார். பாதுகாப்பானதுதான். ஆனால் சுண்டல் வாங்கவும் மகளிடம் கை நீட்டுவதுபோல அவருக்குத் தோன்றினால் அதைத் திணிக்க வேண்டாம். நானாக இருந்தால் இரண்டு கணக்கு வழியைத்தான் முதலில் எடுப்பேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும் பாக்கி. இப்படி மாட்டியவர்களின் பட்டியல்கள் விலைக்குப் போகும். ஒருமுறை மாட்டியவரின் எண் அடுத்தவன் கைக்கும் வரும். 'உங்கள் 699 ரூபாயைத் திருப்பித் தருகிறோம், இந்த இணைப்பை அழுத்தி பின் எண் போடுங்கள்' என்றோ, திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்லியோ யாராவது அழைத்தால் வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் எண் ஒருபோதும் வேண்டாம். இணையத்தில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களையும் நம்ப வேண்டாம். பாஸ்புக்கிலும் கார்டின் பின்பக்கத்திலும் அச்சிட்ட எண் போதும். அப்படி ஏதாவது போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930. அந்த எண்ணைக் காலண்டரின் ஓரத்தில் பெரிதாக எழுதி மாட்டுங்கள்.

அடுத்த 5ஆம் தேதிக்குள் தைல அனுமதியை ரத்து செய்துவிடுங்கள். முந்தைய நாள் முன்தகவல் வந்த பிறகு ஓடாதீர்கள். ஆமாம், அந்தத் தைலம் அம்மாவின் முழங்காலுக்குக் கேட்டதா என்று நீங்கள் எழுதவே இல்லை. கேட்டிருந்தால் புட்டியின்மேல் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடைக்கா பஞ்சம்?